கூட்டணியில் கரைந்த கட்சிகள்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரம்

1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் பெரம்பலூர் மக்களவைத் தொகுதியைக் காங்கிரசு இழந்தது. அங்கு வென்றது தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. இன்று அப்பெயரைக் கேட்டால் உள்ளூர் மாணவர்களே திகைப்பார்கள். கூட்டணி ஆட்சியில் சிறிய கட்சி என்ன ஆகிறது என்பதற்குத் தமிழ்நாட்டின் முதல் பாடம் அக்கட்சிதான்.

அன்று பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் இருந்தன. வன்னியர் சமூகத்துக்குக் கல்வியிலும் அரசுப் பணியிலும் உரிய இடம் வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்து இரண்டு கட்சிகள் தோன்றியிருந்தன. எஸ்.எஸ். இராமசாமி படையாச்சியின் உழைப்பாளர் கட்சி தென்னார்க்காடு, சேலம் பக்கங்களில் வலுவாக இருந்தது, எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி வடார்க்காடு, செங்கல்பட்டுப் பக்கங்களில் இயங்கியது. அத்தேர்தலில் தி.மு.க. போட்டியிடவில்லை. திராவிட நாடு கோரிக்கையை ஆதரிப்பதாக ஒப்புக்கொண்ட வேட்பாளர்களுக்கு அது ஆதரவளித்தது. இவ்விரு கட்சிகளும் அதனால் பயனடைந்தன.

375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. உழைப்பாளர் கட்சிக்கு 19, காமன்வீலுக்கு 6. பெரும்பான்மை இல்லாத நிலையில் முதலமைச்சரான இராஜாஜி, மாணிக்கவேலு நாயக்கரை அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். காங்கிரசை எதிர்த்து வாக்குக் கேட்ட கட்சி, தேர்தல் முடிந்த சில நாட்களிலேயே காங்கிரசு ஆட்சியைத் தாங்கி நின்றது. திராவிட நாட்டு வாக்குறுதியை நம்பி உழைத்த தி.மு.க. தொண்டர்களுக்கு இது பெருத்த ஏமாற்றம்.

உழைப்பாளர் கட்சி அப்போது விலகியே நின்றது. ஆனால் 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானபோது அமைத்த எட்டுப் பேர் அமைச்சரவையில் மாணிக்கவேலு நாயக்கருடன் இராமசாமி படையாச்சியும் இடம்பெற்றார். விரைவில் இரு கட்சிகளும் கலைக்கப்பட்டுக் காங்கிரசில் இணைந்தன. பெரம்பலூர் வாக்காளர் தேர்ந்தெடுத்த கட்சி, அடுத்த தேர்தலுக்குள் இல்லாமலே போனது. 1962-இல் அத்தொகுதியில் வென்றவர் தி.மு.க.வின் இரா. செழியன்.

தலைவர்களைக் குறை கூறுவது எளிது. அமைச்சர் பதவி இல்லாமல் 19 பேரை வைத்துக்கொண்டு கோரிக்கையை எப்படி வெல்வது என்ற கேள்வி அவர்களுக்கு இருந்தது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் பதவி தலைவருக்குக் கிடைத்தது, கோரிக்கை அப்படியே நின்றது. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் நடத்திய சாலை மறியலும், அதில் நேர்ந்த உயிரிழப்புகளும், 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குக் கிடைத்த 20 விழுக்காடு ஒதுக்கீடும் அந்த நிறைவேறாத கணக்கின் தொடர்ச்சியே. அதே 1989-இல் பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது.

1967-க்குப் பின் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் தோழமைக் கட்சிகளுக்குத் தொகுதிகளைத் தந்தன. அமைச்சரவையில் இடம் தராததை வழக்கமாக்கிக்கொண்டன. 2006-இல் 234 இடங்களில் 96 மட்டுமே பெற்ற தி.மு.க., காங்கிரசு (34), பா.ம.க. (18) முதலியவற்றின் ஆதரவோடு தனித்தே ஆண்டது. வெளியிலிருந்து ஆதரித்த பா.ம.க.வின் நிலை இரண்டும் கெட்டான். ஆட்சியின் முடிவுகளில் அதற்குக் கையில்லை, அவற்றின் பழியில் மட்டும் பங்குண்டு. ஆகவே அரசை விமர்சித்துக்கொண்டே ஆதரித்தது. அரியலூர் மாவட்டத்துக் காடுவெட்டியைச் சேர்ந்த ஜெ. குருவின் பேச்சைக் காரணம் காட்டி 2008 சூனில் தி.மு.க. உறவை முறித்தது. வேடிக்கை என்னவென்றால், தில்லியில் இரு கட்சிகளும் அதன் பிறகும் மாதக்கணக்கில் ஒரே அமைச்சரவையில் இருந்தன.

சின்னம் பற்றிய பூசலும் இதே கதைதான். 2019 மக்களவைத் தேர்தலில் அடுத்தடுத்த இரு தொகுதிகளில் தி.மு.க. கூட்டணியின் இரு சிறிய கட்சிகள் நின்றன. பெரம்பலூரில் இந்திய சனநாயகக் கட்சியின் பாரிவேந்தர் உதயசூரியனில் நின்று நான்கு லட்சத்துக்கும் கூடுதலான வாக்கு வேறுபாட்டில் வென்றார். அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் ஆகியவற்றை உள்ளடக்கிய சிதம்பரம் தொகுதியில், அரியலூர் மாவட்டத்து அங்கனூரில் பிறந்த தொல். திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்று 3,219 வாக்குகளில்தான் தப்பினார். சிதம்பரத்தின் சாதி அணிதிரட்டலும் அதற்குக் காரணம் என்பதால், வேறுபாடு முழுவதையும் சின்னத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெரிய கட்சியின் சின்னத்தில் வென்றவர் சட்டப்படி அக்கட்சியின் உறுப்பினர். கட்சித்தாவல் தடைச் சட்டமும் கொறடாவின் ஆணையும் அவரைக் கட்டுப்படுத்தும். பாரிவேந்தரின் கட்சி 2021-இல் வேறு அணிக்குப் போனபோது, அவரோ மக்களவைப் பதிவேட்டில் தி.மு.க. உறுப்பினராகவே இருந்தார். 2024-இல் அவர் அதே பெரம்பலூரில் தாமரைச் சின்னத்தில் நின்று தோற்றார்.

ஆட்சியில் பங்கு, அதிகாரத்தில் பங்கு என்பது விடுதலைச் சிறுத்தைகளின் நெடுநாள் முழக்கம். 2021-இல் நான்கு சட்டமன்ற இடங்களை வென்றும் அமைச்சர் பதவி இல்லை. 133 இடங்களைத் தனியே பெற்ற தி.மு.க.வுக்கு அந்த நான்கு தேவைப்படவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளிவந்தபோது, ஆளும் அணியில் இருந்துகொண்டே நீதி கேட்க வேண்டிய நெருக்கடி அக்கட்சிக்கு வந்தது. இவ்வளவுதானா உங்கள் குரல் என்று கேட்டவர்களில் அக்கட்சியின் அனுதாபிகளும் இருந்தனர். 2024-இல் சிதம்பரத்திலும் விழுப்புரத்திலும் பானையிலேயே நின்று வென்று, மாநிலக் கட்சிக்கான அங்கீகாரத் தகுதியை அது எட்டியது. சிதம்பரத்தில் இம்முறை வேறுபாடு ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது.