விரிசல் ஆபத்தானதா? எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஸ்ரீகாளஹஸ்தி ராஜகோபுரம், 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. முன்பே விரிசல்கள் தென்பட்டதால் ஆட்களை அப்புறப்படுத்தியிருந்தார்கள். பெரும் உயிர்ச்சேதம் தவிர்ந்தது.

கட்டடம் ஏன் விரிசல் விடுகிறது? கல்லும் செங்கல்லும் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அடிமண் ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் சுவர் இழுபட்டுப் பிளக்கும். கான்கிரீட்டில் வேறு தொல்லை: உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும்.

விரிசலின் அகலத்தைவிட, அது வளர்கிறதா என்பதே முக்கியம். அதனால் பொறியாளர்கள் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைப்பார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. சாய்வைத் தூக்குக்குண்டும் அளவைக் கருவிகளும் காட்டும். கான்கிரீட்டுக்குள் மீயொலித் துடிப்பை அனுப்புவதும் உண்டு. நல்ல கான்கிரீட்டில் அது நொடிக்குச் சுமார் 4 கி.மீ. வேகத்தில் பாயும், உள்ளே வெற்றிடமோ பிளவோ இருந்தால் வேகம் குறையும். எந்த ஒரு சோதனையும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. எல்லா அளவுகளையும் சேர்த்து, கட்டடம் சுமக்கும் எடையோடு ஒப்பிட்ட பிறகே பழுதுபார்ப்பதா, இடிப்பதா என்று முடிவெடுக்க வேண்டும்.