வனைவாரின்றி வடிவுறும் துகள்கள்

தொழில் முதனிலைகளை விளக்கும் இலக்கண உரைகளில் 'வனைந்தான்' என்பது பழகிய எடுத்துக்காட்டு. குயவன் வினைமுதல், குடம் செயப்படுபொருள், தண்டும் சக்கரமும் கருவி. கரைசலில் ஆக்சைடுத் துகள்கள் வடிவு கொள்ளும் வினைக்கும் இவ்வமைதி பொருந்துமா? அவ்வினையை 'வடிவமைத்தல்' என அறிவியல் தமிழில் எழுதுதல் தகுமா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் எடுத்துக்காட்டினைக் கொண்டு காண்போம். வடசென்னையில் மாத்தூரை அடுத்த மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. 2020 ஏப்ரல் முதல், இந்தியாவில் விற்கும் டீசலில் கந்தகம் பத்து இலட்சம் பங்கில் 10 பங்கிற்கு மேற்படலாகாது என்பது விதி. இத்தகைய ஆலைகளில் கந்தகத்தை நீக்கும் வினையூக்கிகள், பெரும்பாலும் காமா அலுமினா என்னும் நுண்துளை மிக்க வெண்பொருளின்மேல் கோபால்ட்டு, மாலிப்டினம் முதலியன பரப்பி ஆக்கப்படுவன. எண்ணெய் மூலக்கூறுகள் புகுந்து மீளும் அத்துளைகளின் அளவு, அலுமினாத் துகள்கள் இழையோ தகடோ என்பதையும், அவை செறிந்து அடுங்கும் முறையையும் பொறுத்தது.

அவ்வடிவு தீயிற் பிறப்பதன்று, நீரிற் பிறப்பது. அலுமினிய உப்புக் கரைசலினின்று முதற்கண் போமைட்டு என்னும் நீர்சேர் ஆக்சைடு வீழ்படிவாகிறது. அதனை ஏறத்தாழ 500 பாகை செல்சியசில் சுட்டால் நீர் நீங்கிக் காமா அலுமினாவாகும். ஆயினும் துகளின் வடிவு பெரிதும் மாறாது நிற்கும். பச்சைக் குடத்தின் வடிவே சூளையினின்று வரும் குடத்தின் வடிவாதலை இதற்கு ஒப்பிடலாம்.

ஒப்புமை இவ்வளவில் நிற்கும். குடத்திற்கு வடிவு தருவது கை. துகளுக்கு வடிவு தருவது அதன் வளர்ச்சியே. படிகத்தின் முகங்கள் யாவும் ஒரே விரைவில் வளர்வதில்லை. விரைந்து வளரும் முகம் சுருங்கி மறையும். மெல்ல வளரும் முகமே எஞ்சி வடிவினை அறுதி செய்யும். எனவே, ஒரு முகத்தின் வளர்ச்சியைத் தடுத்தால் வடிவு மாறும். துத்தநாக ஆக்சைடு நீர்க் கரைசலில் கோல்போல் நீளும் இயல்பினது. சிட்ரேட்டு சேர்த்தால், அது கோலின் நுனிமுகத்தைப் பற்றி வளர்ச்சியைத் தடுக்க, துகள் தட்டையாகும். போமைட்டோ காடிக் கரைசலில் இழையாகவும், காரக் கரைசலில் சாய்சதுரத் தகடாகவும் அமையும். இனி, துகள்கள் ஒத்த அளவின ஆதற்குக் கருக்கொள்ளும் காலமும் வளருங் காலமும் தம்முள் கலவாதிருத்தல் வேண்டும். கந்தகக் கூழ்மங்களை ஆராய்ந்த லாமர், டினேகர் ஆகிய இருவர் இதனை 1950-இல் விளக்கினர்.

அங்ஙனமாயின், வேதியியலார் செய்வது யாது? கரைசலின் காடித்தன்மை, வெப்பம், சேர்க்கைப் பொருள், காலம் ஆகியவற்றை அவர் வகுக்கிறார். வடிவினைத் துகள் தானே கொள்கிறது. 'அமைதல்' தன்வினை, 'அமைத்தல்' பிறவினை. 'துகளை வடிவமைத்தனர்' எனின், ஆங்கும் ஒரு கையும் சக்கரமும் உள்ளனபோலும் என மாணவர் மயங்குவர். முகங்களின் வளர்ச்சி வேறுபாடாகிய உண்மைக் காரணம் சொல்லிலேயே மறைந்துவிடும். 'துகளின் வடிவமைதலை நெறிப்படுத்தினர்' எனின் இருவர் பங்கும் விளங்கும். வேறுபாடு ஓர் ஒற்றே. எனினும், பொருளைப் பிழையின்றி உணர்த்துவது அவ்வொற்றே என்க.