வேண்டுதலும் வினையும்

மனத்தில் ஒன்றை அழுத்தமாக எண்ணினால் அது தானே நடந்தேறும் என்னும் போதனை இன்று நம் இளைஞரிடையே வேகமாகப் பரவி வருகின்றது. ‘மேனிஃபெஸ்டேஷன்’ என்பது அதற்கு வழங்கும் பெயர். விரும்பியதைக் காலையில் மூன்று முறை, நண்பகலில் ஆறு முறை, இரவில் ஒன்பது முறை எழுதினால் கைக்கு வந்து சேரும் என்று கைப்பேசியில் கற்பிக்கின்றனர். தேர்வுக்குச் செல்லும் மாணவியும், வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் வாலிபனும் இதை நம்பிக் குறிப்பேடுகளை நிரப்புகின்றனர்.

இப்போதனை புதியதன்று. 2006-இல் வெளியான ‘தி சீக்ரெட்’ என்னும் நூல் இதை உலகெங்கும் கொண்டு சென்றது. ஆயினும் நூறாண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் ‘புதுச் சிந்தனை’ இயக்கத்தார் இதையே சொல்லி வந்தனர். இதில் உண்மை சிறிதும் இல்லை என்று நாம் தள்ளிவிட வேண்டியதில்லை. குறிக்கோள் இல்லாதவன் எங்கும் சென்று சேர்வதில்லை. ஆனால் குறிக்கோள் மட்டும் உடையவனும் சென்று சேர்வதில்லை. இதற்குச் சான்று நம் தேங்காய்ப்பட்டணத்திலேயே உண்டு.

தூர்ந்த கால்வாய்

குழித்துறைத் தாமிரபரணி கடலோடு கலக்கும் இவ்வூர் வழியே ஏ.வி.எம். கால்வாய் செல்கின்றது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்பது அதன் முழுப்பெயர். பூவாற்றிலிருந்து கன்னியாகுமரி வரை நீர்வழி அமைக்க வேண்டும் என்னும் பெரு விருப்பத்தோடு திருவிதாங்கூர் அரசு 1860-இல் இதைத் தொடங்கிற்று. சரக்கு ஏற்றிய வள்ளங்கள் ஒரு காலத்தில் இதில் சென்றன. ஆயினும் கால்வாய் மண்டைக்காட்டைத் தாண்டிக் கன்னியாகுமரியை எட்டவேயில்லை. தோண்டிய பகுதியும் நாளடைவில் தூர்ந்து, ஆக்கிரமிப்புக்கும் குப்பைக்கும் இடமாயிற்று.

மூன்று பெரும் பெயர்களைத் தாங்கிய திட்டம் அது. அரசின் விருப்பமும் பொருளும் அதற்கு இருந்தன. இருந்தும் தொடங்கிய வேலையை முடிக்கவும், முடித்ததை நாள்தோறும் பேணவும் கைகள் இல்லாது போயின. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று நம் ஆண்டவர் கேட்டதை இங்கு நினைவுகூர்வோம்.

கரையில் நடந்த கணக்கு

இதே கடற்கரை இதற்கு மாறான பாடத்தையும் தருகின்றது. நம் மீனவர் பலர் ஒரு காலத்தில் தரகரிடம் முன்பணம் பெற்று, பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுத்து, தலைமுறை தலைமுறையாகக் கடனில் உழன்றனர். சொந்த மரமும் வலையும் வேண்டும் என்னும் ஆசை அவர்களுக்கு இல்லாமலா இருந்தது? ஒவ்வொரு வேளாங்கண்ணிப் பயணத்திலும் அதைத்தானே வேண்டினர்!

கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் துணையோடு பல ஊர்களில் மீனவர் சங்கங்கள் எழுந்தபோதுதான் அந்த ஆசைக்குக் கால்கள் முளைத்தன. வழி மிக எளியது. சங்கத்தின் ஆளே கரையில் நின்று மீனை ஏலம் விடுவார். அன்றைய விற்பனைப் பணத்தில் ஒரு சிறு பங்கு சேமிப்புக்கும், மற்றொரு பங்கு கடனுக்கும் உடனே பிடிக்கப்படும். மீன்பாடு இல்லாத நாளில் பிடித்தமும் இல்லை. ‘என்றாவது சேமிப்பேன்’ என்னும் எண்ணம், ‘இன்று, இக்கரையில், ஏலம் முடிந்தவுடன்’ என்னும் செயலாக மாறிற்று. இத்தகைய சங்கங்களை இணைத்து 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று.

கட்டுமரத்துக்கு ஏற்ற மரங்கள் அரிதாகி விலையேறியபோதும் அவ்வாறே. 1980-களின் தொடக்கத்தில் முட்டத்தில் பெல்ஜிய நாட்டவரான பியேர் ஜில்லே, ஒட்டுப்பலகையால் படகு கட்டும் முயற்சியில் இறங்கினார். செய்வதும், கடலில் இறக்கிப் பார்ப்பதும், குறை கண்டு திருத்துவதுமாக வேலை நடந்தது. அம்முயற்சியைப் பற்றி அவர் 1985-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே ‘சிறியது கடினமானது’ என்னும் பொருளுடையது. நல்ல படகு கனவில் மிதந்து வருவதில்லை.

ஆய்வாளர் கண்டது

மனநூல் வல்லுநரும் இதையே கூறுகின்றனர். கலிபோர்னியாவில் தேர்வுக்கு முன் மாணவர் சிலரை, தாம் உயர்ந்த மதிப்பெண் பெறுவதாக நாள்தோறும் மனக்கண்ணில் காணச் சொன்னார்கள். வேறு சிலரை, தாம் அமர்ந்து படிப்பதாகவே காணச் சொன்னார்கள். இரண்டாம் பிரிவினரே முன்னதாகப் படிக்கத் தொடங்கி அதிக மதிப்பெண் பெற்றனர் என்று 1999-இல் வெளியான அவ்வாய்வு கூறுகின்றது.

ஜெர்மனியில் மாணவரிடம், கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்தின நாளைக் கழித்த விதம் பற்றி இரண்டு நாள்களுக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். எந்நேரம், எவ்விடத்தில் எழுதுவோம் என்று முன்னரே குறித்துக்கொண்டவருள் 100-க்கு 71 பேர் உரிய நாளில் எழுதினர். வெறுமனே ஒப்புக்கொண்டவருள் 32 பேரே எழுதினர். பேட்டர் கோல்விட்சர் முதலியோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இது. வள்ளுவரும் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினை செயல்வகை என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். நோக்கம் தூயதாக வேண்டும். உள்ளம் உறுதியாக வேண்டும். செய்யும் வகையும் தெரிய வேண்டும்.

செபம் வேறு

‘அப்படியானால் செபமும் இத்தகையதுதானோ?’ என்று சிலர் கேட்கலாம். அன்று. ‘மேனிஃபெஸ்டேஷன்’ உலகையே தன் விருப்பத்துக்கு வளைக்கப் பார்க்கின்றது. செபமோ தன் விருப்பத்தை இறைவனின் திருவுளத்தின் முன் வைக்கின்றது. கெத்சமனியில் ஆண்டவர் செய்தது அதுவே. மற்றொன்றும் உண்டு. நினைத்தது நடக்காவிடில் ‘உன் எண்ணத்தில் வலிமையில்லை’ என்று இப்போதனை வறியவனையும் நோயாளியையும் குற்றவாளியாக்கும். 2017-இல் ஒக்கிப் புயலில் திரும்பாத நம் மீனவரின் வீடுகளில் இக்கொடுஞ்சொல்லை யார் சொல்லத் துணிவர்?

ஆகவே, பெற்றோரே, பிள்ளைகளின் கனவைக் கேலி செய்யாதீர்கள். இரவுச் செபம் முடிந்தபின் ஒவ்வொருவரும் ஒரு விருப்பத்தையும், அதற்காக நாளை எந்நேரம், எவ்விடத்தில், எதைச் செய்வோம் என்பதையும் ஒரு வரியில் எழுதட்டும். மறுநாள் இரவு அவ்வரியை எடுத்து, நடந்ததா என்று பாருங்கள். நடவாவிடில் திட்டாமல் நேரத்தையோ இடத்தையோ மாற்றுங்கள். வேண்டியதை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு, விடிந்ததும் வலையைத் தோளில் எடுப்பவனே நம்பிக்கையுள்ளவன்.