உலகின் மாபெரும் விமானம்

சுசீந்திரத்து மார்கழித் தேரோட்டத்தைக் கண்ட நேயர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். பெருந்தேரை நகர்த்துவது வடம் பிடிப்போரின் வலிமை மட்டுமன்று. பாரத்தைப் பங்கிட்டுத் தாங்கும் சக்கரங்களும் அதற்குத் துணை செய்கின்றன. வானிற் பறக்கும் தேர் ஒன்றுக்கும் இது பொருந்தும். இதுவரை கட்டப்பட்ட விமானங்களுள் மிகக் கனமானதாகிய 'அன்டோனவ் 225' பற்றியே இன்று கூற விழைகிறேன்.

உக்ரேனில் உருவான இவ்விமானத்திற்கு 'ம்ரியா' என்று பெயரிட்டனர். கனவு என்பது அச்சொல்லின் பொருள். 1988 டிசம்பர் 21-ஆம் நாள் அது முதன்முதலாகப் பறந்தது. ஒரு சிறகின் நுனியிலிருந்து மறு சிறகின் நுனிவரை அதன் அகலம் 290 அடி. குமரிமுனைக் கடலில் நிற்கும் வள்ளுவர் சிலை, பீடத்துடன் சேர்த்து 133 அடி. அவ்வுயரத்தை இரட்டித்தாலும் 266 அடியே ஆகும்.

முழுச் சுமையுடன் மேலெழும்போது அதன் எடை 640 டன். இத்துணை எடையை ஓடுபாதை எவ்வாறு தாங்கும்? 32 சக்கரங்கள் அதனைப் பங்கிட்டுக்கொண்டன. ஒன்றுக்குச் சராசரி 20 டன். மேலே தூக்கிச் செல்ல ஆறு எஞ்சின்கள் இருந்தன. சுமை ஏற்றும் வேளையில் முன்சக்கரங்களை மடக்கி, பாகன்முன் பணியும் யானைபோல் அது தாழ்ந்து நிற்கும். மூக்குப் பகுதி மேல்நோக்கித் திறக்கும்.

சோவியத் நாட்டின் 'புரான்' விண்ணோடத்தை முதுகில் சுமப்பதற்காகவே இதனைப் படைத்தனர். முதுகில் சுமை இருந்தால் அதன் பின்னே காற்றோட்டம் குலையும். ஆதலின் வாலின் நடுவே நிற்கவேண்டிய செங்குத்துச் சிறகை இரண்டாக்கி, இரு ஓரங்களிலும் அமைத்தனர். ஆனால் புரான் விண்வெளிக்குச் சென்றது ஒரே முறைதான். 1991-இல் சோவியத் ஒன்றியமும் கலைந்தது. வேலையற்றுப் பல்லாண்டு கிடந்த ம்ரியா, 2001-இல் சரக்கு விமானமாக மீண்டும் பறந்தது.

2016 மே மாதத்தில் அது நம் நாட்டிற்கும் வந்தது. பிராக் நகரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு நூறு டன்னுக்கு மேற்பட்ட மின்னாக்கி ஒன்றைக் கொண்டு செல்லும் வழியில் ஐதராபாத்தில் இறங்கியது. சுமை மிகுந்தால் எரிபொருளைக் குறைத்தே ஏற்ற முடியும்; ஆகவே இடையிடையே இறங்கி நிரப்பிக்கொள்ள வேண்டும். 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது, சீனத்திலிருந்து போலந்துக்கு மருத்துவப் பொருள்களைச் சுமந்து சென்றதும் இவ்விமானமே.

2022 பிப்ரவரியில், கீவ் நகருக்கு அருகேயுள்ள ஹோஸ்டோமல் நிலையத்தில் நிறுத்தப்பட்டிருந்த ம்ரியா, போரில் அழிந்தது. அவ்வகையில் முற்றுப்பெற்ற விமானம் அது ஒன்றே. 2019-இல் பறந்த அமெரிக்க 'ஸ்ட்ராட்டோலாஞ்ச்' விமானம் சிறகின் அகலத்தில் அதனை விஞ்சும்; எடையிலோ அதற்கு இணை இன்னும் தோன்றவில்லை.

தேர் பழுதுற்றால் ஊர் கூடிப் புதுத்தேர் செய்கிறது; தச்சர்தம் கைத்திறன் மறையாமல் தலைமுறைதோறும் தொடர்கிறது. ம்ரியாவோ ஒரு காலத்தின் பெருமுயற்சி. அதனை உருவாக்கிய நாடே இன்று இல்லை. பல்லாயிரவர் பல்லாண்டு உழைத்துப் படைத்த ஒன்று சில நாட்களில் சாம்பலாயிற்று என்பதே, அதன் பருமையைக் காட்டிலும் என் நெஞ்சில் நிற்பதாகும்.