பியானோவின் வயிற்றுக்குள் ஒரு லாரி

கொல்லிமலைக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு எங்கள் காளப்பநாயக்கன்பட்டி ஜன்னலோரம் கடந்து போகிற ஓர் ஊர், அவ்வளவுதான். அவர்கள் கவனமெல்லாம் காரவள்ளியில் ஆரம்பிக்கிற 70 கொண்டை ஊசி வளைவுகள் மேலே. எங்கள் பக்கம் ‘பியானோ’ என்றால் கல்யாணக் கச்சேரியில் இரும்பு ஸ்டாண்டு மேல் நிற்கிற கீபோர்டு. பிளக்கைப் பிடுங்கினால் ஊமை. பழைய படங்களில் கோட்டுப் போட்ட கதாநாயகன் பளபளக்கும் கறுப்புப் பெட்டி முன்னால் உட்கார்ந்து உருகும்போதெல்லாம் எனக்குக் காதல் மேல் கண் போனதில்லை. பெட்டிக்குள்ளே என்னதான் இருக்கும் என்றே மனசு அடித்துக்கொள்ளும்.

போன மாதம் சென்னையில் அந்த ஆசை நிறைவேறியது! நண்பர் வீட்டில் சுவரோரம் நிற்கும் பழைய பியானோவுக்குச் சுருதி சேர்க்க ஒரு பெரியவர் வந்தார்.

“பக்கத்துல நின்னு பாத்துக்கறேனுங்களே ஐயா?”

“பாருங்க தம்பி. ஆனா பேசாதீங்க.”

பேசாமல் இருப்பது என்னால் ஆகிற காரியமா? அவர் முன்பலகையைத் தூக்கி எடுத்து ஓரமாகச் சாய்த்ததுமே “அடேங்கப்பா!” என்று கத்திவிட்டேன்.

உள்ளே ஒரு தறிக்கூடமே இருந்தது. மேலிருந்து கீழாகக் கம்பிகள், ஏறக்குறைய 230. கட்டைகள் 88 தானே, கம்பி எப்படி இத்தனை? கனத்த சுரங்களுக்கு ஒற்றைக் கம்பி, அதுவும் செம்பு சுற்றியது. நடுவில் இரண்டிரண்டு. மேலே போகப் போக ஒரே சுரத்துக்கு மூன்று மூன்று கம்பிகள். ஒவ்வொன்றையும் அப்படி முறுக்கி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். எல்லா இழுப்பையும் கூட்டினால் சுமார் 18 டன் என்றார் பெரியவர். நான் லாரிக்குப் பாடி கட்டுகிற நாமக்கல் மாவட்டத்துக்காரன். 18 டன் என்றால் எனக்குச் சரக்கேற்றிய லாரிதான் கண்ணில் தெரியும். பூ ஜாடி வைத்திருந்த அந்த மரப்பெட்டிக்குள் ஒரு லாரியின் பாரம்! தாங்குவது மரமல்ல, உள்ளே ஒளிந்திருக்கும் வார்ப்பிரும்புச் சட்டம்.

கம்பிகளுக்கு முன்னால் வரிசையாகக் குட்டிச் சுத்தியல்கள். தலையில் கம்பளி உருண்டை, ஒவ்வொன்றும் குளிருக்குக் குல்லா போட்ட குழந்தை மாதிரி. பெரியவர் ஒரு கட்டையை மெல்ல, மிக மெல்ல அழுத்தச் சொன்னார். சுத்தியல் கம்பியை நோக்கி நகர்ந்தது. நெருங்கியது. தொடப்போகிற நேரத்தில் நழுவிப் பின்னால் போய்விட்டது. சத்தமே இல்லை! “கடைசி வரைக்கும் தள்ளிக்கிட்டே இருந்தா அது கம்பியிலேயே ஒட்டிக்கிட்டு நாதத்தைச் சாகடிச்சிடும் தம்பி. அதனால நூலளவு தூரத்துல கையை விட்டுடும். மிச்சத்தை அது வீசின வேகத்துலயே போய் அடிக்கணும்.”

மொத்த ரகசியமும் இந்த நழுவலில்தான் இருக்கிறது. இதற்கு முன்னிருந்த ஹார்ப்சிகார்டு கம்பியைக் கிள்ளும். கட்டையை நீங்கள் தடவினாலும் குத்தினாலும் அதற்கு ஒரே சத்தம்தான். 1700 வாக்கில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி கிள்ளுவதை விட்டு அடிக்க வைத்தார். விரலின் வேகம் சத்தத்தின் அளவானது. அதனால்தான் அந்தப் பேர்: இத்தாலிய மொழியில் ‘பியானோ’ என்றால் மெதுவாக, ‘ஃபோர்தே’ என்றால் உரக்க. பியானோஃபோர்தே என்று முழுப்பேர் வைத்தார்கள். நாம் ‘உரக்க’வை வழியில் இறக்கிவிட்டோம். இன்றும் மேலைநாட்டு இசைத்தாளில் p என்று ஒற்றை எழுத்தைப் போட்டால் ‘மெதுவாக வாசி’ என்றே பொருள். இரண்டு போட்டால் இன்னும் மெதுவாக.

இங்கேதான் எனக்குத் தலை கிறுகிறுத்தது. எங்கள் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடியது புறநானூற்றின் 152ஆம் பாட்டு. காட்டில் பார்த்த வேட்டுவன் முன் பாட, பாணர் கூட்டம் தயாராகிறது. முழவுக்கு மண் பூசு, யாழில் பண்ணை நிறுத்து என்று ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சொல். பதலை என்ற பறைக்கு வரும்போது மட்டும், அதன் ஒரு முகத்தைப் ‘பையென’ இயக்கச் சொல்கிறார். பையென என்றால் மெதுவாக. அதாவது பியானோ! எங்கள் மலையில் அந்தக் கட்டளை எப்போதோ போடப்பட்டுவிட்டது. (ஊருக்குப் பெருமை தேடுகிறேன் என்பீர்கள். தேடத்தான் செய்கிறேன்.)

பெரியவர் கம்பிகளுக்கு நடுவே கம்பளித் துணியைச் செருகிவிட்டு, மும்மூன்றில் நடுக்கம்பியை மட்டும் பேசவிட்டார். சாவியால் ஆணியை மயிரிழை திருப்பினார். இரண்டு கம்பிகள் சேராதபோது ‘வவ்... வவ்... வவ்’ என்று ஓர் அலை. திருப்பத் திருப்ப அது தூங்கிப்போனது. பிறகு ஒரு குண்டைப் போட்டார்: ச-ப இரண்டையும் தம்பூரா மாதிரி சுத்தமாகச் சேர்க்கக் கூடாதாம். பஞ்சமத்தை வேண்டுமென்றே இம்மியளவு இறக்கி வைப்பாராம். அப்படிச் செய்தால்தான் ஒரு கட்டை, நாலரைக் கட்டை, அஞ்சரைக் கட்டை என்று எந்தச் சுருதியில் தொடங்கினாலும் ஒரே அளவில் ஒலிக்குமாம். அளந்து செய்த பிசகுக்குப் பேர் சுருதி! கமகத்துக்கு இடம் கொடுக்காத இந்த வாத்தியத்தை வைத்துக்கொண்டு அனில் ஸ்ரீநிவாசன் சிக்கில் குருசரணின் பாட்டோடு கைகோத்தாரே, அந்தத் துணிச்சலின் அளவு எனக்கு அன்றுதான் விளங்கியது.

சென்னைக்கு இதெல்லாம் பழகிய சங்கதி. 1842இல் மிஸ்கித் என்ற பேரில் ஆரம்பித்த கடைதான் அண்ணா சாலையின் மியூசி மியூசிகல். ஆனால் கடல்காற்றுக்கு வாத்தியம் பழகாது. ஈரத்தில் மரம் ஊதும், கம்பி துருப்பிடிக்கும், சுருதி நழுவும். பெரியவருக்கு வேலை ஓயாது.

கிளம்பும்முன் அவர் வலது பெடலை மிதித்துக்கொண்டார். கம்பிகளைப் பிடித்திருந்த அடக்கிகள் மொத்தமாக விலகின. “உள்ள பாத்து உங்க ஊர் பேரைச் சொல்லுங்க தம்பி, சத்தமா.”

“காளப்பநாயக்கன்பட்டி!”

யாரும் ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் உள்ளேயிருந்து ‘ஆ... ஆ... ஈ...’ என்று என் ஊர் பேர் பையத் திரும்பி வந்தது. என் குரலில் இருந்த சுரங்களுக்கு இணையான கம்பிகள் மட்டும் தாமாக அதிர்ந்திருக்கின்றன.

உங்களுக்கும் எங்காவது ஒரு பியானோ எதிர்ப்பட்டால், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, வலது பெடலை மிதித்து உங்கள் ஊர் பேரைச் சொல்லிப் பாருங்கள். கீபோர்டிடம் வேண்டாம், அது பதில் சொல்லாது.