பெடலில் பூட்டும் காலணி: கடற்கரைச் சாலைக்குத் தகுந்தது எது?

திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு, கோவளம் வழியாக மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை, சென்னை, செங்கல்பட்டு வட்டாரத்து மிதிவண்டி ஆர்வலர்கள் விடியற்காலையில் பெரிதும் நாடும் தடமாகும். ஏற்ற இறக்கம் ஏறக்குறைய இல்லாத இச்சாலையில், மேட்டில் எழுந்து நின்று மிதிக்கவோ சரிவில் காலுக்கு ஓய்வு கொடுக்கவோ வாய்ப்புக் குறைவு என்பதால், அமர்ந்த நிலையிலேயே இடைவிடாது மிதிக்க நேர்கிறது. நிமிடத்துக்கு 80 சுற்று என்று கொண்டால், இரண்டு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 9,600 முறை பெடலை அழுத்தியிருக்கும். அத்தனை அழுத்தத்தையும் முன்பாதத்தின் ஒரு சிறு பகுதியே தாங்குவதால், அடிப்பாகம் எளிதில் வளையும் சாதாரண ஷூவை அணிந்தவருக்கு உள்ளங்கால் எரிவதும் விரல்கள் மரத்துப்போவதும் வியப்பல்ல.

மிதிவண்டிக்கென்றே செய்யப்படும் காலணியில் நைலானோ கார்பன் இழையோ கலந்த விறைப்பான அடிப்பாகம் இருப்பது இதற்காகவே. அந்த அடிப்பாகத்தில் திருகாணிகளால் பொருத்தப்பட்டு, பெடலில் உள்ள விற்சுருள் பூட்டில் சொடுக்கி நிற்கும் சிறு தகடே கிளீட் எனப்படுகிறது. குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினால் அது விடுபடும். வார்ப்பட்டையால் காலைப் பெடலோடு இறுக்கிக் கட்டிய பழைய முறைக்கு மாற்றாக, பனிச்சறுக்குக் காலணியின் பூட்டு நுட்பத்தைத் தழுவி, பிரான்சின் லுக் நிறுவனம் 1984-இல் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பெர்னார் இனோ அத்தகைய பெடலுடன் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். மாமல்லபுரத்துச் சிற்பத் தொகுதி யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றதும் அதே 1984-இல்தான் என்பது தற்செயலே. எனினும், அந்தப் பாறைகளின் மீது நடக்கும்போதுதான் அந்நிறுவனம் வகுத்த கிளீட்டின் குறை புலப்படுகிறது. மூன்று திருகாணிகளில் நிற்கும் அந்த அகன்ற பிளாஸ்டிக் கிளீட் அடிப்பாகத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருப்பதால், அர்ச்சுனன் தபசுக்கு அருகிலுள்ள வழுக்குப் பாறைகளில் அது பிடிமானம் தராது, மணலும் சரளையும் கலந்த சாலையோரத்தில் விரைவில் தேய்ந்தும் போகும்.

இதற்கு மாறாக, ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் மலைப்பாதை மிதிவண்டிகளுக்காக 1990-இல் அறிமுகப்படுத்திய எஸ்பிடி வகையில், கிளீட் இரண்டு திருகாணிகளில் நிற்கும் சிறிய உலோகத் துண்டாக இருப்பதோடு, ரப்பர் அடிப்பாகத்தின் குழிவுக்குள் ஒடுங்கியும் விடுகிறது. பந்தய ஓட்டத்தில் மூன்று திருகாணி வகைக்கு மேலான இடம் உண்டென்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தக் கடற்கரையில் ஓட்டுவோரில் பெரும்பாலோர் இளநீர்க் கடையில் இறங்குகிறவர்கள், ஐந்து ரதங்களைச் சுற்றி வருகிறவர்கள், செங்கல்பட்டுக்குத் திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு மலைக்கோயில் படியேறுகிறவர்கள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் கடக்க வேண்டிய ‘பிரவே’ எனும் நெடும்பயணங்களில்கூட, ஒவ்வொரு சோதனை நிலையத்திலும் இறங்கி நடந்தாக வேண்டும். ஆகவே எவ்வளவு வேகமாக ஓட்டுகிறோம் என்பதைவிட, இறங்கிய பின் கால் எங்கே படப்போகிறது என்பதை முதலில் பார்ப்பதே அறிவுடைமை. அவ்வாறு பார்த்தால் இரு திருகாணி வகையே பலருக்கும் பொருந்தும்.

பொருத்தம் என்பதில் மூன்று பொருள்கள் ஒன்றோடொன்று இசைய வேண்டும்: காலணியின் துளைகள், கிளீட், பெடல். இரண்டு துளைக் காலணியில் மூன்று துளைக் கிளீட்டைப் பொருத்த இயலாது. இரண்டுக்கும் இடமளிக்கும் காலணிகள் சில உண்டு. துளை ஒத்திருந்தால் மட்டும் போதாது, ஏனெனில் மூன்று துளை வகையைச் சேர்ந்த லுக்கின் கியோ கிளீட்டும் ஷிமானோவின் எஸ்பிடி-எஸ்எல் கிளீட்டும் பார்வைக்கு உடன்பிறப்புகள்போலத் தோன்றினாலும் ஒன்றன் பெடலில் மற்றொன்று பூட்டாது. நிறமும் ஏமாற்றும். பூட்டிய நிலையிலும் குதிகாலைச் சில பாகை இடம் வலமாக அசையவிடும் இடைவெளி ‘ஃப்ளோட்’ எனப்படும்; ஷிமானோவில் சிவப்பு என்றால் அசைவே இல்லை, நீலம் 2 பாகை, மஞ்சள் 6 பாகை; கியோவிலோ கருப்புக்கு அசைவில்லை, சாம்பல் 4.5 பாகை, சிவப்புதான் மிகுதியாக 9 பாகை. முழங்கால் தனக்கேற்ற கோணத்தைத் தேடிக்கொள்ள இடம் வேண்டும் என்பதால், அசைவுள்ள கிளீட்டே புதியவருக்கு உகந்தது.

புதியவர்கள் விழுவது பெரும்பாலும் வேகத்தில் அல்ல, நிற்கும்போதுதான். திருவான்மியூரை அடுத்து வரும் சிக்னல்களில் கால் ஊன்ற மறந்து வண்டியோடு சாய்வோர் உண்டு. எஸ்பிடியில் எஸ்எச்56 என்ற கிளீட் பல திசைகளிலும் விடுபடுவதால், பக்கவாட்டில் மட்டுமே விடுபடும் எஸ்எச்51-ஐவிடத் தொடக்கத்துக்கு நல்லது; பெடலின் விற்சுருளையும் தளர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

அளவில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து நடத்திய ஆய்வு, இந்தியப் பாதங்கள் ஐரோப்பியப் பாதங்களைவிடப் பொதுவாக அகலமானவை எனக் காட்டியது. மிதிவண்டிக் காலணிகளோ பெரும்பாலும் ஐரோப்பிய எண்ணில், ஒடுக்கமான முன்பகுதியுடன் வருவதால், நீளத்தைக் கூட்டி அகலத்தை ஈடுகட்டாமல், அகல வார்ப்பில் கிடைப்பதைத் தேடுவதே முறை; நீளம் மிகுந்தால் குதிகால் தூக்கிக்கொள்ளும். வெயிலில் பாதம் வீங்குமாதலால் மாலையில் அணிந்து பார்ப்பது நல்லது.

கிளீட்டின் நடுப்பகுதி, பெருவிரலுக்குப் பின்னே புடைத்திருக்கும் எலும்புக்கு நேராகவோ சற்றுப் பின்னாகவோ அமைய வேண்டும். திருகாணிகளை 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் முடுக்குவது வழக்கம். உப்புக்காற்று திருகாணிகளைத் துருப்பிடிக்கச் செய்து கழற்ற முடியாதபடி ஆக்கிவிடும் என்பதால், பொருத்தும்போதே மரையில் கிரீஸ் தடவ வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த காலணிக்குள் பழைய நாளிதழைத் திணித்து நிழலில் உலர்த்தலாம். பிளாஸ்டிக் கிளீட்டின் வண்ண முனைகள் தேய்ந்து அடியிலுள்ள அடுக்கு தெரிந்தால் புதியதை மாற்றியாக வேண்டும். பழையதைக் கழற்றுமுன் அதன் ஓரத்தைச் சுற்றி அடிப்பாகத்தில் பேனாவால் கோடிட்டு வைத்தால், புதியதும் அதே இடத்தில், அதே கோணத்தில் அமையும்.