பழக்கம் மாற வழி உண்டு

“தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்னும் பழமொழியை அறியாதார் இல்லை. தீய பழக்கத்தில் சிக்கியவர்கள், அதனை விடாமைக்குச் சமாதானமாகவும் இதனையே எடுத்துக் கூறுவதுண்டு. கூலி பெற்ற மாலையில் அதிற் பாதியை மதுக்கடையில் இழந்து வீடு திரும்பும் நெசவாளரும், அறுவடைக்கு முன்பே விளைவின் மேல் கடன் வாங்கிச் செலவிடும் உழவரும், “பழகிவிட்டது, என் செய்வது?” என்கின்றனர். அப்பழக்கத்தின் விலையைக் கொடுப்பவர்களோ வீட்டிலுள்ள பெண்டிரும் பிள்ளைகளுமே. ஆதலின் பழக்கம் எவ்வாறு மாறுகிறது என்பதை உறுப்பினர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

நம் மாவட்டத்து முன்மாதிரி

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1809ஆம் ஆண்டு சாமித்தோப்பில் பிறந்த அய்யா வைகுண்டர் வாழ்ந்த காலம், ஒடுக்கப்பட்ட மக்கள் தோளில் துண்டணியவும் தலைப்பாகை கட்டவும் இயலாதிருந்த திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலம். குனிந்து நிற்பதே அம்மக்களுக்குப் பழக்கமாக்கப்பட்டிருந்தது. வைகுண்டர் அவர்களைத் தலைப்பாகையுடன் வழிபடச் செய்தார். முந்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீராடச் செய்தார். 700 குடும்பத்தினர் கடற்கரையிலுள்ள வாகைப்பதியில் ஒருங்கு தங்கி, நாள்தோறும் நீராடி, ஆடை துவைத்து, எளிய மரக்கறி உணவு உண்டு தவவாழ்வு பயின்றனர் என்று அய்யாவழி மரபு கூறும். அதுவே துவையல் பந்தி எனப் பெயர் பெற்றது.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. “தூய்மையாக இருங்கள்” என்று வாயால் உபதேசித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. அதற்கென ஓர் இடம், ஒரு நேரம், உடன் செய்வோர் கூட்டம் ஆகிய மூன்றையும் அமைத்துக் கொடுத்தார். தனி ஒருவரின் மனவுறுதி தளரும் வேளையில் இம்மூன்றும் அவரைத் தாங்கி நிற்கும்.

எத்தனை நாள் வேண்டும்?

சபரிமலைக்கு மாலையணிந்து 41 நாள் விரதம் காப்போர் நம் ஊர்களில் பலர். அந்நாட்களில் மதுவையும் புகையையும் தொடாதவர்களுள் சிலர், மாலை கழற்றியவுடன் பழைய வழிக்கே திரும்பிவிடுகின்றனர். விட முடியும் என்பதை அவர்களே மெய்ப்பித்துவிட்டனர். கழுத்தில் மாலையும் உடன் விரதம் காப்போரும் இல்லாதபோதுதான் தளர்கின்றனர்.

லண்டன் பல்கலைக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாகவே நிகழும் பழக்கமாக வேரூன்றச் சராசரி 66 நாள் ஆயிற்று எனத் தெரிய வந்தது. சிலருக்கு 18 நாள் போதுமாயிற்று. சிலருக்கோ 254 நாள்வரை தேவை எனக் கணிக்கப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய கேடு விளையவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிபு. பாவில் ஓரிழை அறுந்தால் பாவையே அறுத்தெறியும் நெசவாளர் உண்டோ? அறுந்த இழையை முடிந்து மேலே நெய்வதே தொழில்முறை. பழக்கத்திற்கும் அதுவே முறை.

களையெடுத்த இடத்தில் பயிர் தழைக்காவிடில் களையே மீண்டும் முளைக்கும் என்பதை உழவர் அறிவர். மாலையில் மதுக்கடைக்குச் சென்ற நேரத்தை வெறுமையாக விடலாகாது. நூலகம், பிள்ளைகளின் பாடம், சங்கக் கூட்டம் என அந்நேரத்திற்கு வேறொரு வேலை வேண்டும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் நேரக்கூடும். அத்தகையோர் அரசு மருத்துவமனையை நாடி, மருத்துவர் துணையுடனேயே நிறுத்துதல் வேண்டும்.

சங்கத்தின் பங்கு

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூட்டுறவுக் கடை தொடங்கினர். நெசவாளரும் அவர்களுள் இருந்தனர். கடனுக்கு விற்பதில்லை என்பது அவர்களுடைய விதிகளுள் ஒன்று. கடன் வாங்கும் பழக்கத்தை அவர்கள் அறிவுரையால் அன்றி விதியால் வென்றனர்.

நம் மாநிலத்தில் 1975 முதல் நடைபெற்றுவரும் கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டமும் இவ்வழிப்பட்டதே. கூலியில் ரூபாய்க்கு 8 பைசா உறுப்பினர் பங்காகச் சேர, 4 பைசாவை அரசு சேர்க்கிறது. பணம் கைக்கு வருமுன்பே சேமிப்பு முடிந்துவிடுவதால் நாள்தோறும் மனத்தோடு போராட வேண்டுவதில்லை. உழவரும் கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடைப் பணத்தில் ஒரு பகுதியை முதலிலேயே சங்கத்தில் வைப்பாகச் செலுத்தலாம்.

உறுப்பினர்களே! ஒரே நாளில் பத்துப் பழக்கங்களை மாற்ற முயலற்க. ஒன்றைத் தேர்ந்து, அதற்கு நேரமும் இடமும் குறித்து, உடன் செய்ய ஓர் அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொள்க. அடுத்த கூலி நாளே தொடங்குதற்கு ஏற்ற நாள்.